கிரேன் விட்டுப்போன எலுமிச்சம்பழங்கள்

லேக் மார்க்கெட்டில் நான் அப்பளமும் முறுக்கும் விற்கிற கடைக்குப் பின்புறத் தெருவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதன் வாசலில் பூ விற்கிறவள் வங்காளி. எல்லோருக்கும் அவள் மாஷி, அதாவது சித்தி. தெருவில் நிற்கிற கார்களைப் பார்த்து அவள் ஒன்று சொல்வாள்: "ஓடுறதுக்குன்னுதான் காரு வாங்குதாக. வாங்கினப்புறம் நிறுத்துறதுக்குல்லா அலையுதாக." அவள் பேசுவது வங்காளிதான். என் காதுக்குள் போகும்போது அது எங்கள் திருநெல்வேலித் தமிழாகிவிடும். இங்கே மற்றவர்கள் பேசியதையும் அப்படியேதான் எழுதுகிறேன், எனக்கு வேறு மாதிரி கேட்டுப் பழக்கமில்லை.

மாஷி அதைச் சொல்லும்போதெல்லாம் நானும் என் வீட்டுக்காரரும் சிரிப்போம். அப்போது எங்களிடம் கார் இல்லை.

அவருக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த வருஷங்கள் முழுக்க, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் போய் வந்தார். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கினால் ஸ்கூட்டர் நின்றுவிடும். யாராவது வந்து தோள் கொடுக்க வேண்டும். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே கிடையாது. கேட்பதற்கு முன்னாலேயே இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கிவிடுவார்கள். அதுதான் அவருக்கு ஆகாது.

"எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஒரு நாளாவது எவன் தோளையும் பிடிக்காம ஒரு எடத்துக்குப் போயி, நானா எறங்கி, நானா நடந்து, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிட்டு வரணும்ட்டி" என்பார். பழம் வாங்குவதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நான் தினமும் வாங்குகிறவள், அதனால் தோன்றும். ஓய்வு பெற்றபின் அவர் கார் வாங்கியது அந்த ஒரு சீப்பு வாழைப்பழத்துக்காகத்தான். வேறு காரணம் கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது.

பழைய கார்தான். கியர் தானாக மாறுகிற சின்ன வண்டி. லேக் கார்டன்ஸில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், கால் சரியில்லாதவர்களுக்கு வண்டியை மாற்றிக் கொடுக்கிறவர். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி வைத்தார். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். அதே மாதிரி கைப்பிடி போட்ட தன்னுடைய வண்டியில் இவரை உட்கார வைத்து, காலையில் கூட்டம் சேருமுன் லேக்கைச் சுற்றிப் பழக்கினார். லைசன்ஸும் வந்துவிட்டது. எங்கள் வண்டியின் பின் கண்ணாடியில் சக்கர நாற்காலிப் படம் போட்ட ஸ்டிக்கரையும் அவரே ஒட்டினார்.

வண்டி தயார் என்றதும் எங்கள் ஊர் வழக்கப்படிப் பூஜை போட முடிவாயிற்று. மாலை, தேங்காய், கற்பூரம், நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம். முதல் ஓட்டத்தில் பழம் நசுங்க வேண்டும். நசுங்கினால் வண்டியின் மேல் விழுந்த கண்ணெல்லாம் அதோடு போய்விடும். அந்த முதல் ஓட்டம் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. அதனால் வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக்கே வண்டியைக் கோயில் வாசலுக்கு ஓட்டி வந்து நிறுத்தினார். சாவியை இவர் கையில் வைத்து, "இனிமே நான் தொட மாட்டேன் தாதா. பழத்து மேல நீங்கதான் ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். இங்கே தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா.

எங்கே நிறுத்தலாம் என்று காட்டியது பார்க்கிங் வசூல்காரர். அந்தத் தெருவில் சட்டைக்கு மேல் ஒரு மேலங்கி மாட்டிக்கொண்டு கார்களுக்குச் சீட்டுக் கிழிக்கிறவர். கோயிலை ஒட்டி வெள்ளைக் கோடு போட்ட இடம். கோட்டுக்கு உள்ளே சரியாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்துச் சீட்டும் கொடுத்தார். அதை வண்டிக்குள் முன் கண்ணாடியோரம் வைத்தோம்.

அர்ச்சகர் வந்தார். பழங்களுக்குக் குங்குமம் வைத்து அவர் கையாலேயே சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். மாலை போட்டார். "ஆரத்தி எடுத்துட்டா வண்டியை எடுத்துடலாம், உள்ளே அபிஷேகம் ஆயிண்டிருக்கு, ஒரு நிமிஷத்துல வந்துடறேன்" என்று போனவர், வரும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "நேரம் ஆயிடுத்து. ராகு காலம் வந்துடுத்து. பன்னெண்டு தாண்டட்டும். அது வரைக்கும் வண்டியை அசைக்கப்படாது. உள்ளே வந்து உக்காருங்கோ."

அசைக்கக் கூடாது என்றால் அசைக்கக் கூடாது. நாங்கள் உள்ளே போனோம். இவர் போகுமுன் கதவைத் திறந்து, தன் கைத்தடியை ஓட்டுகிறவர் சீட்டில் வைத்துப் பூட்டினார். எதற்கு என்று கேட்டேன். "பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிப்பாகல்லா, அது மாதிரி. என் சீட்ட நான் பிடிச்சிட்டேன்" என்றார். கோயிலுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்துவிடலாம், தடி தேவைப்படாது.

உள்ளே உட்கார்ந்திருக்கும்போது வெளியே சங்கிலிச் சத்தமும் இன்ஜின் உறுமுகிற சத்தமும் கேட்டது. லாரியில் ஏதோ இறக்குகிறார்கள் என்று நான் நினைத்தேன். இவர் காதைத் தீட்டிக் கேட்டார். "கிரேன் மாதிரில்லா கேக்கு. எவன் வண்டியையோ தூக்குதான், பாவம்" என்றார். அர்ச்சகர்கூட "தினப்படி இதே கூத்துதான்" என்று தலையை ஆட்டினார். மூன்று பேரும் அந்த எவனுக்காகவோ கொஞ்சம் வருத்தப்பட்டோம்.

நேரம் ஆனதும் கற்பூரத் தட்டோடு அர்ச்சகர் முன்னால் போனார். நான் இவருக்குக் கை கொடுத்து வாசல்படி இறக்கிக்கொண்டிருந்தேன். அர்ச்சகர் நின்றுவிட்டார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"வண்டி எங்கே?"

தெருவில் நான்கு எலுமிச்சம்பழங்கள் இருந்தன. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. குங்குமம்கூடக் கலையவில்லை. வெள்ளைக் கோட்டுக்குள்ளே, ஒரு காரின் நீள அகலத்துக்கு, வைத்தது வைத்தபடி. நடுவில் மாலையிலிருந்து உதிர்ந்த செவ்வந்தி இதழ்கள். மேலே ஒன்றும் இல்லை.

எனக்கு முதலில் கார் போய்விட்டது என்றே புரியவில்லை. பழங்கள் ஏன் வெயிலில் கிடக்கின்றன என்றுதான் தோன்றியது. பக்கத்தில் பார்த்தால் இவர் என் தோளை விட்டுவிட்டுக் கோயில் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம், "தடி உள்ள இருக்கே" என்றார். கார் போனதை அவர் சொல்லவில்லை. தடியைத்தான் சொன்னார்.

வசூல்காரர் தெருமுனையில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"நான் பாக்கல தீதி."

"இவ்வளவு பெரிய கிரேன் வந்து தூக்கியிருக்கு, பாக்கலியா?"

"டீ குடிக்கப் போயிருந்தேன்."

"நீங்கதான எடம் காட்டுனீக?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "தீதி, அவங்களும் இதே தெருவுலதான் தெனமும் வாராங்க. நானும் இதே தெருவுலதான் நிக்கணும்" என்று மட்டும் சொன்னார். வண்டிகளைக் கொண்டுபோய்ப் போடுகிற மைதானம் எந்த மேம்பாலத்துக்கு அடியில் இருக்கிறது என்பதையும் சொன்னார். அந்த மட்டும் லாபம்.

மாஷி அப்போதுதான் பஸ்ஸில் வந்த பூக்கட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். காலியிடத்தையும் இவரையும் மாறிமாறிப் பார்த்தாள். இவரை அவள் ஜாமாய் என்றுதான் கூப்பிடுவாள், மாப்பிள்ளை என்று அர்த்தம். "ஜாமாயக் கூட்டிட்டுப் போ மா, நான் இங்க இருக்கேன்" என்றாள்.

போகுமுன் பழங்களைப் பொறுக்கிவிடலாம் என்று குனிந்தேன். அர்ச்சகர் பதறிவிட்டார். "தொடாதேங்கோ. சக்கரத்துக்கு வெச்ச பழம், சக்கரந்தான் நசுக்கணும். நசுங்காததைக் கையால எடுக்கப்படாது."

"அப்ப தெருவுலயே கெடக்கட்டுமா சாமி?"

"கெடக்கட்டும்."

அந்த நிலைமையிலும் இப்படி ஒரு பேச்சுப் பேசிக்கொண்டு நின்றோம். பழங்களை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினோம்.

மைதானத்தில் வரிசையாகக் கார்கள் நின்றன, தூசி படிந்து, சிலவற்றின் கண்ணாடி உடைந்து. எங்கள் வண்டி கடைசியில், மாலையோடு நின்றிருந்தது. அத்தனை வண்டிக்கு நடுவில் அது மட்டும் கல்யாணத்துக்குப் போகிறது போல இருந்தது. கயிறு கட்டி மறித்திருந்ததால் கிட்டே போக முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், வண்டி தூக்குகிற குத்தகைக்காரரின் ஆள். அவருக்குப் பின்னால் குழாயடியில் கிரேன்காரன் கை கழுவிக்கொண்டிருந்தான். வாசலோரம் ஒரு டிராபிக் போலீஸ் சார்ஜென்ட் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து மண் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நான் கோயில், வெள்ளைக் கோடு, சீட்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். குத்தகை ஆள் பேசாமல் தன் போனை நீட்டினார். படத்தில் எங்கள் வண்டி. மெயின் ரோடு முனையில், நிறுத்தக் கூடாது என்று வட்டப் பலகை வைத்த கம்பத்துக்கு நேர் கீழே.

என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்தபடி படத்தைப் பார்த்தார். "அங்க நாங்க நிறுத்தவே இல்லியே" என்றார்.

"படம் பொய் சொல்லாது மேசோமஷாய்" என்றார் அந்த ஆள், சித்தப்பா என்று உறவு வைத்து.

"பின் கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அதப் பாக்கலியா? என்னால வேற வண்டி ஓட்ட முடியாது. என் தடிகூட அதுக்குள்ளதான் இருக்கு."

அந்த ஆள் இவருடைய காலைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காலு வராதது உங்களுக்குத்தான. வண்டி நல்லாத்தான் நடந்து வந்துச்சு."

நான் கடையில் உட்கார்ந்து எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். முறுக்கு நமுத்துவிட்டது என்று வைதவர்கள், தூக்கி எறிந்தவர்கள் எல்லாம் உண்டு. பதிலுக்கு நானும் சும்மா விட்டதில்லை. அன்றைக்கு வாய் திறக்கவில்லை. ஒரு மனிதர் இப்படிச் சொல்வார் என்று என் மனசில் ஒரு மூலையில்கூட ஏற்பாடு இல்லை. என் தோளில் இருந்த இவர் கை மட்டும் கனத்துக்கொண்டே வந்தது.

எதையாவது பார்க்க வேண்டும் என்று திரும்பவும் போனைப் பார்த்தேன். மாலை தெரிந்தது. சக்கரங்கள் தெரிந்தன. தெருவின் தார்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"இதுல பழம் இல்லியே" என்றேன்.

"என்ன பழம்?"

"சக்கரத்துக்கு முன்னால வெச்ச எலுமிச்சம்பழம். பூஜை போட்ட வண்டி இது. பழம் அங்க கோயில் வாசல்ல கெடக்கு. வண்டி இங்க பலகைக்குக் கீழ நிக்கி."

குத்தகை ஆள் சிரித்தார். "எலுமிச்சம்பழத்த வெச்சு கேஸ் நடத்தப் போறீங்களா மாஷிமா?"

குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. கிரேன்காரன் ஈரக் கையோடு எங்கள் பக்கம் வந்தான். "நேபுவா?" என்றான். வங்காளியில் எலுமிச்சைக்கு அதுதான் பெயர், குங்குமத்துக்குச் சிந்தூர். "சிந்தூர் வெச்ச நேபுவா?"

"ஆமா. நாலு."

"நசுங்கிடுச்சா?"

"இல்ல. முழுசா கெடக்கு."

அவன் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. கையைச் சட்டையில் துடைத்தான். திரும்பவும் துடைத்தான். "நாலு சக்கரத்தையும் மேல தூக்கும்போது நான் கீழ குனிஞ்சு பாக்கல தீதி. மா காளி சத்தியமா பாக்கல. பூஜை நேபு இருக்குற வண்டின்னு தெரிஞ்சா நான் கை வெச்சிருக்கவே மாட்டேன். எங்க வீட்டுல பிள்ளைக்கு இப்பத்தான் ஜுரம் விட்டிருக்கு."

"நீ போயி வேலயப் பாரு" என்றார் குத்தகை ஆள்.

அவன் போகவில்லை. "முனையில எறக்கிப் படம் எடுக்கச் சொன்னது நீங்கதான. எறக்கினேன். மறுபடி தூக்கினேன். கோயில் வாசல்லேந்து தூக்கின வண்டின்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றான்.

சார்ஜென்ட் மண் கோப்பையைக் கீழே வைத்தார்.

என் வீட்டுக்காரர் கிரேன்காரனைப் பார்த்துக் கேட்டார். சத்தமே உயர்த்தாமல், ஏதோ வழி கேட்பது போலக் கேட்டார்: "ஏ தம்பி, பழம் இருக்குதுன்னு தெரிஞ்சா தொட்டிருக்க மாட்ட. சரி. காலு இல்லாதவன் வண்டின்னு ஸ்டிக்கர் இருந்துச்சே. அது தெரிஞ்சுதுல்லா?"

அவன் குழாயடிக்கே திரும்பிப் போனான். ஒரு மனிதனின் காலுக்குப் பயப்படாதவன் ஒரு பழத்துக்கு எப்படிப் பயந்தான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவன் கெட்டவன் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அவன் பயந்ததால்தான் உண்மை வெளியே வந்தது.

சார்ஜென்ட் அதிகம் பேசுகிறவர் இல்லை. "எங்க கெடக்கு அந்த நேபு?" என்று கேட்டார். நாங்கள் ஆட்டோவில் முன்னால் போக, அவர் பின்னால் வந்தார்.

கோயில் தெருவுக்குள் திரும்பியதும் நான் பார்த்ததைச் சொன்னால் லேக் மார்க்கெட்டைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். பார்க்கிங் இடம் காலியாக இருந்தது. ஸ்கூட்டர் ஒன்று நுழையக்கூட அங்கே இடம் கிடைக்காது, கார் ஒன்று வெளியே வருவதற்குள் இன்னொன்று மூக்கை நுழைத்துவிடும். அந்தத் தெருவில், மத்தியான நேரத்தில், நான்கு எலுமிச்சம்பழங்கள் ஒரு காருக்கான இடத்தைப் பிடித்து வைத்திருந்தன. தமிழர்கள் மட்டும் இல்லை, வங்காளிகள், மார்வாடிகள், பீகார் ஆட்டோக்காரர்கள், எவரும் உள்ளே வரவில்லை.

மாஷி பூக்கூடைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "வந்தாக, பாத்தாக, ரிவர்ஸ் எடுத்துட்டு ஓடிட்டாக. ஒருத்தரு எறங்கிக் கும்பிடவே செஞ்சிட்டாரு. இன்னும் கொஞ்ச நேரம் கெடந்தா எனக்கு வியாபாரம் நல்லாருக்கும் மா."

சார்ஜென்ட் தன் மோட்டார் சைக்கிளை அந்த இடத்துக்குள் விடவில்லை. எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பழங்களைச் சுற்றி வந்தார், ஒன்றையும் மிதிக்காமல். வெள்ளைக் கோட்டையும் பழங்களையும் தன் போனில் படம் எடுத்தார். அதற்குள் வசூல்காரர் தானாகவே பக்கத்தில் வந்து நின்றிருந்தார். பழங்களையே பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "இங்கதான் சார் நின்னுச்சு. நான்தான் சீட்டுப் போட்டேன். கோட்டுக்குள்ள சரியா நின்னுச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நான் டீ குடிக்கப் போகல தீதி" என்றார்.

அபராதம் இல்லை, வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. குத்தகை ஆளுக்குச் சார்ஜென்ட் என் எதிரிலேயே போன் போட்டுப் பேசினார். பேசியது முழுவதும் எழுதுகிற மாதிரி இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். திரும்பவும் மைதானத்துக்குப் போய், கயிற்றை அவிழ்த்து வண்டிக்கிட்டே விட்டபோதுதான் பார்த்தோம். கண்ணாடி இடுக்கில் பட்டைக் கம்பியை விட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்கள், மைதானத்தில் தள்ளி நிறுத்துவதற்காகக் கைப்பிரேக்கை விடுவிக்க. உள்ளே போனவன் ஸ்டியரிங்குக்குக் கீழே தெரியாத ஒரு பிடியைப் பார்த்து அதையும் பிடித்து இழுத்திருக்கிறான். வராததால் மறுபடி இழுத்திருக்கிறான். கைப்பிடி வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடியோரம் வைத்த சீட்டையும் காணோம்.

இவர் கதவைப் பிடித்து உள்ளே உட்கார்ந்தார். தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். அது பாட்டுக்கு ஆடியது.

"நான் பிடிச்ச எடம் அப்படியே இருக்குட்டி. தடி காவல் காத்திருக்கு" என்றார். முன் கண்ணாடி வழியாக அங்கே நின்ற மற்ற கார்களை ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல எத்தன வண்டிக்குப் பழம் வைக்காம விட்டாகளோ" என்றார்.

கைப்பிடிக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றார் சார்ஜென்ட், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தது எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அதையும் ஒரு கிரேன் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

போனில் கூப்பிட்டதும் மெக்கானிக் வந்தார். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பாகம் சென்னையிலிருந்து வர வேண்டும். வண்டியை அவர் காலால் ஓட்டி லேக் கார்டன்ஸுக்குக் கொண்டுபோய்விடலாம். போகிற வழியில் கோயில் தெருவில் திருப்பிப் பழத்தின் மேல் ஏற்றிவிட்டுப் போகட்டுமா, தோஷம் கழிந்துவிடுமே என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார் இவர். "அது என் ஓட்டம்."

எலுமிச்சம்பழங்களை அன்று சாயங்காலம் மாஷி பொறுக்கினாள். அர்ச்சகர் கூடாது என்றதற்கு, "எனக்குக் காளிகாட்டுல ஆளு இருக்கு, என்ன ஒண்ணும் பண்ணாது தாக்கூர்" என்றாளாம், அர்ச்சகரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். பழங்களை ஓர் இலையில் சுருட்டித் தன் கூடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பாகம் வந்து, வண்டி தயாராகிக் கோயில் வாசலுக்குத் திரும்பவும் வந்தபோது வங்காளிகளின் நவராத்திரிப் பூஜைக் காலம் நெருங்கிவிட்டது, தெருவில் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். வசூல்காரர் அதே இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். அர்ச்சகர் புதுப் பழம் கொண்டுவந்தார். மாஷி தன் இலைச் சுருட்டை நீட்டினாள். பழங்கள் கறுத்துச் சுருங்கிக் கொட்டைப்பாக்கு மாதிரி ஆகிவிட்டிருந்தன.

"காஞ்ச பழம் ஆகாதும்மா" என்றார் அர்ச்சகர்.

"ஆகும் சாமி" என்றார் இவர். "எனக்காகச் சாட்சி சொன்னது அதுதான. புதுசுக்கு என்ன தெரியும்?"

அர்ச்சகர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிள்ளையார் பக்கம் பார்த்தார். அங்கிருந்து மறுப்பு ஒன்றும் வராததால் காய்ந்த பழங்களையே வைத்தார். ராகு காலமெல்லாம் முன்கூட்டியே பார்த்தாயிற்று. இந்தத் தடவை நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஆரத்தி எடுக்கும்போதுகூட உள்ளேயே உட்கார்ந்து கும்பிட்டேன்.

இவர் கைப்பிடியைத் தன் பக்கம் மெல்ல இழுத்தார். சாறு தெறிக்கவில்லை. நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் பிந்தி இன்னொரு சத்தம். வண்டி தெருவுக்கு வந்துவிட்டது. லேக்கைச் சுற்றி ஓட்டினார். நன்றாக ஓட்டினார். திரும்பி வந்து மார்க்கெட் பக்கம் ஓர் இடம் காலியாக இருந்ததைக் காட்டி, "நிறுத்துங்க, வாழைப்பழம் வாங்கலாம்" என்றேன். நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு லாரி உறுமியது. "போயிரலாம்" என்றார். போய்விட்டோம்.

இப்படியே பல நாள் போயிற்று. ஓட்டுவார், இறங்க மாட்டார். இறங்குவதற்காகவே கார் வாங்கிய மனிதர். தெருவில் சங்கிலிச் சத்தம் கேட்டால் கை தானாகச் சாவிக்குப் போகும். நானும் மாறிவிட்டேன். எங்கே வண்டி நின்றாலும் நான்கு சக்கரமும் கோடும் தெரிகிற மாதிரி ஒரு படம், கிட்டே இருக்கிற பலகையோடு சேர்த்து ஒரு படம், சீட்டுக் கொடுத்தால் அதையும் ஒரு படம் என்று எடுத்து வைக்கிறேன். கடைக்குக் காரில் வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். அப்பளம் வாங்க வந்தவர்கள் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். படம் இருந்தால் வண்டியைத் தூக்க மாட்டார்கள் என்று இல்லை. தூக்கினபின் வாயடைத்து நிற்க வேண்டாம், அவ்வளவுதான்.

போன வாரம் காளிகாட் பக்கம் போனோம். மெட்ரோ நிலையத்தைத் தாண்டி ஒரு தெருவில் வண்டியை நிறுத்தினார். எதிர்ப்பக்கம் தள்ளுவண்டியில் வாழைப்பழம் தொங்கியது. நான் கதவைத் திறக்கப் போனேன்.

"நீ இரி" என்றார்.

இன்ஜினை அணைத்தார். தடியை எடுத்துக்கொண்டார். "நீ இந்தப் பக்கம் மாறி உக்காரு. எவனாவது வந்தா கதவத் திறக்காத. ஆள் இருக்குற வண்டியத் தூக்குனா தூக்கிட்டுப் போட்டும், உன்னையும் சேத்துல்லா தூக்கணும். கிரேனு தாங்காது."

அவர் இறங்கினார். தோள் கொடுக்க யாரும் வரவில்லை, என் தோள் வண்டிக்குள் இருந்தது. தடியை ஊன்றி, ரிக்‌ஷா ஒன்றுக்கு வழிவிட்டு, மெதுவாகத் தெருவைத் தாண்டினார். பழக்காரரிடம் ஏதோ சொன்னார். ஒரு சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வேண்டாம் என்று வேறு கேட்டார். பேரம் ரொம்ப நேரம் நடந்தது. நான் தினமும் வாங்குகிறவள், ஒரு பார்வையில் முடித்திருப்பேன்.

அவருடைய சீட்டில், தடி இருந்த இடத்தில், நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.